பள்ளிக்கூடத்தோடு முடிகிற பாடங்கள்

எனக்குப் பிறகு இந்த வேலையை எடுக்கப்போகிற உங்கள் இருவருக்கும் ஒப்படைப்புக் கோப்பை நேற்று அனுப்பிவிட்டேன். முப்பத்தொரு பக்கம், ஆங்கிலத்தில். மென்பொருளை எப்படித் திறப்பது, எந்த அறையில் புரொஜெக்டர் வேலை செய்யாது, எந்த ஆசிரியருக்குத் திங்கட்கிழமை முதல் பாடவேளையைக் கொடுக்கக்கூடாது, எல்லாம் வரிசை எண்ணுடன் இருக்கின்றன. ஆறு வருடங்கள் இந்தப் பள்ளியின் நேர அட்டவணையைப் போட்டிருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அனுப்பிய பிறகு ஒன்று உறுத்தியது. நான் செய்த ஒரு பிழை அதில் இல்லை. சேர்க்கப் பார்த்தேன், எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று தெரியவில்லை. ஆகவே தனியாக, தமிழில் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் தமிழர் என்பது மட்டும் காரணமல்ல. அந்தப் பிழையை ஒரு தமிழ் ஆசிரியைதான் செய்திருக்க முடியும். என் பக்கத்து மேசை ஆஸ்திரேலியர் செய்திருக்க மாட்டார். ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்குத் தெரியும். தொலைபேசியை எடுத்துக் கேட்டிருப்பார்.

இந்த வேலையில் சாதாரணமான பிழைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். என் முதல் வருடத்தில் ஓர் ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் போட்டேன். கணினி அதைச் சிவப்பாகக் காட்டியது, நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓர் அறையில் இருபத்தாறு பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் இருந்தார்கள். ஒன்பது பத்துக்குத் திருத்தினோம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான் சொல்லப்போவதில் சிவப்பு எதுவும் வரவில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த இரண்டு வருடங்களுக்கான பாடங்களைத் தெரிவு செய்யும் ஓகஸ்ட் மாதம் அது. நம் பள்ளியில் கடினமான கணிதமும் இசையும் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். இரண்டையும் கேட்பவர்கள் அநேகமாக இல்லை என்பதால் அப்படி வைத்திருந்தோம். இன்னொரு விதி, ஒரு வகுப்பு நடக்க வேண்டுமானால் பன்னிரண்டு பிள்ளைகள் வேண்டும். கணிதத்துக்கு அந்தக் கவலை எந்த வருடமும் இருந்ததில்லை. இசைக்கு ஒவ்வொரு வருடமும் இருந்தது. அந்த வருடம் பதினொன்றில் நின்றது.

செவ்வாய்க்கிழமை படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரே பிள்ளைக்கு இரண்டு படிவங்கள் இருப்பதைக் கண்டேன். தர்ஷிகா என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அதுவல்ல. நோபல் பார்க் என்ற பகுதியிலிருந்து வருகிற பிள்ளை. அவளுக்கு நான் பாடம் எடுத்ததில்லை. தாழ்வாரத்தில் கண்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். ஒரு படிவத்தில் கடினமானது உட்பட இரண்டு கணிதம், பௌதிகம், இரசாயனம், ஆங்கிலம். மற்றதில் இசை, சித்திர வடிவமைப்பு, பொதுக் கணிதம், வணிகம், ஆங்கிலம். இரண்டிலும் பெற்றோர் கையொப்பம் இருந்தது. ஒரே கையொப்பம், தமிழில்.

நான் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன். ஒன்று: கணிதப் படிவம் தகப்பனுடையது. இரண்டு: இசைப் படிவம் பிள்ளையுடையது, அவர் வாசிக்காமல் கையொப்பம் வைத்த நேரம் பார்த்து அவள் நீட்டியிருக்கிறாள். மூன்று: அவளுக்குக் கணிதத்தில் மிக நல்ல புள்ளிகள், ஆகவே வீட்டில் நெருக்குகிறார்கள். நான்கு: பள்ளி விதியின்படி பிள்ளையின் விருப்பத்துக்கே முதலிடம்.

நான்கும் எனக்குப் பதினைந்து வினாடிகளுக்கு மேல் எடுத்திருக்காது. ரோவில் பகுதியில் நான் வளர்ந்த வீட்டில் எந்தப் படிவம் யாருடையது என்பது ஒரு கேள்வியே அல்ல. எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழ் வீடுகளிலும் அப்படித்தான். ஐந்தாவது ஒன்றும் இருந்தது, அதை அன்று நான் பட்டியலில் சேர்க்கவில்லை. அவளை இசையில் போட்டால் பதினொன்று பன்னிரண்டாகும்.

போட்டேன். அன்று பின்னேரமே இசை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், நல்ல செய்திகளை நம்பாத முகம். "உறுதியா?" என்று கேட்டார். "உறுதி" என்றேன். அடுத்த நாள் அவர் அந்தப் பதினொரு பிள்ளைகளையும் அழைத்து வகுப்பு நடக்கும் என்று சொல்லிவிட்டார். அவர்கள் போட்ட சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. நான் நல்லது செய்ததாக நினைத்து இரண்டு நாள் நடந்தேன்.

வியாழக்கிழமை தற்காலிகப் பட்டியல் பிள்ளைகளின் தொலைபேசிகளுக்குப் போனது. மதிய இடைவேளையில் தர்ஷிகா என் அறை வாசலில் நின்றாள்.

"மிஸ், பிஸியா?"

"இல்லை, வாரும்."

தொலைபேசியை நீட்டினாள். "இதில மியூசிக் எண்டு கிடக்கு."

நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன். குரலையும் தாழ்த்தினேன். "பயப்பிடாதையும். அப்பாவோட நான் கதைக்கிறன்."

"எதைப் பற்றி?"

"நீர் மியூசிக் செய்யிறதைப் பற்றி."

"நான் மியூசிக் செய்யேல்லையே."

"இனிச் செய்யலாம். நான் போட்டிட்டன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. கோபமில்லை. பேருந்து வேறு வீதியில் திரும்பும்போது சாரதியைப் பார்ப்பதுபோல.

"மிஸ், ஐ கான்ட் ஈவன் சிங்."

"அப்ப இந்த ஃபோர்ம்?"

எடுத்துப் பார்த்தாள். எழுத்தை வாசிக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "இது நான் குடுக்கேல்லை. அப்பா வேலைக்குப் போகேக்க ஒஃபீசில குடுத்திருக்கோணும்."

"அப்பா மாத்ஸ் ஃபோர்மைத்தானே குடுத்தவர்?"

"மாத்ஸ் ஃபோர்ம் நான் குடுத்தது."

"நீரா?"

"ஏன் மிஸ், என்னைப் பாத்தா மாத்ஸ் செய்யிற ஆள் மாதிரி இல்லையோ?"

தமிழ்த் தகப்பன் ஒருவர் மகளுக்கு இசையும் சித்திரமும் கேட்டு, தானே கொண்டுவந்து படிவம் கொடுத்திருக்கிறார் என்பது என் தலைக்குள் எங்கேயும் பொருந்தவில்லை. அவளிடமே கேட்டேன். "நீர் வீட்டில பாடுவீரோ?"

"கோப்பை கழுவேக்க பாடுவன். அதுக்கெல்லாம் எக்ஸாம் வைப்பினமோ?"

இறுதிப் பட்டியலை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பூட்ட வேண்டும். பிறகு மாற்றுவதென்றால் அதிபர் வரை போக வேண்டும். அவள் போனதும் தகப்பனுக்கு அழைத்தேன். டாண்டினோங்கில் மரக்கறி பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அடுத்த நாள் காலை வேலை முடிந்து ஒன்றரைக்கு வருகிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புச் சட்டை, பாரமான சப்பாத்து. சட்டையிலிருந்து வெங்காய வாசம் வந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார்.

"மிஸ் ஊரில எந்த இடம்?"

"மானிப்பாய், அண்ணா. சின்னனில வந்தனான்."

"பிளேனில?"

"ஓம்."

"நல்லது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நல்லது என்றுதான் சொன்னார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அவர்கள் கப்பலில் வந்தவர்கள். தர்ஷிகாவுக்கு அப்போது நான்கு வயது. அவர்களுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, வழக்காகி, அந்த வழக்கும் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. வழக்கு முடியும்வரை இருக்க விடுகிற, சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கிற பிரிட்ஜிங் விசா. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுடைய கோப்பிலும் இருந்தது, நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

"அண்ணா, இந்தச் சங்கீத ஃபோர்ம் நீங்கள் குடுத்ததோ?"

"ஓம். முதல் ஃபோர்முக்கும் நான்தான் சைன் வைச்சனான். அவள் நீட்டினாள், வைச்சன். பிறகு ரெண்டு நாள் நித்திரை இல்லை. இன்னொரு ஃபோர்ம் எடுத்து நானே நிரப்பினனான்."

"ஏன் சங்கீதம்? அவவுக்கு விருப்பமில்லையாமே."

"எனக்கும் சங்கீதத்தில ஒண்டும் தெரியாது. நீங்கள் குடுத்த பாடப் பட்டியல் புத்தகத்தைப் பாத்து, பள்ளிக்கூடத்தோட முடியிற பாடமாப் பாத்து அடையாளம் போட்டனான்."

எனக்கு விளங்கவில்லை. அவருக்கு அது தெரிந்தது. கையை மேசையில் வைத்து மெதுவாகச் சொன்னார்.

"பள்ளிக்கூடம் வரைக்கும் அவள் இங்கத்தைப் பிள்ளை, மிஸ். அதுக்குப் பிறகு யூனிவர்சிட்டியில வெளிநாட்டுப் பிள்ளை. வெளிநாட்டுப் பிள்ளையளின்ர ஃபீஸை நான் ஏழு பிறவி வெங்காயம் உரிச்சாலும் கட்டேலாது. இந்தக் கஷ்டமான மாத்ஸைப் படிச்சு அவள் பிழைவிட்டா எனக்குக் கவலையில்லை. நல்ல மார்க் எடுத்துப்போட்டாத்தான் பயம். எடுத்துக்கொண்டு வந்து முன்னால நிண்டா நான் என்ன சொல்லுறது? சங்கீதம் எண்டா, படிச்சாள், முடிஞ்சுது. ஒண்டும் எதிர்பார்க்க மாட்டாள்."

இது பிழையான கணக்கு என்று சொல்ல வாய் திறந்தேன். எங்கே பிழை என்று தெரியவில்லை. விசா கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. இசையும் பள்ளிக்கூடத்தோடு முடிவதில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அது அவருக்குத் தேவையான பதில் அல்ல என்று தெரிந்தது.

பிறகு அவர் கேட்டார். அவர் வந்ததே இதைக் கேட்கத்தான்.

"இடமில்லையெண்டு சொல்லிவிடுங்கோ, மிஸ்."

"எதில?"

"மாத்ஸில. வகுப்பு நிறைஞ்சிட்டுதெண்டு சொல்லுங்கோ. நான் வேண்டாமெண்டா சண்டை பிடிப்பாள். பள்ளிக்கூடம் சொன்னா கேப்பாள். நீங்கள் எங்கட ஆள், அதுதான் கேக்கிறன்."

தம்பி, தங்கை, இந்த இடத்தில் நான் உங்களுக்கு ஒரு நல்ல கதை சொல்ல முடியாது. "முடியாது, அண்ணா" என்று நான் உடனே சொல்லவில்லை. யோசித்தேன். அந்த வகுப்பில் எட்டு இடங்கள் காலியாக இருந்தன. ஆனால் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? அந்தப் பொய்யைச் சொன்னால் யார் யாருக்கு என்ன கிடைக்கும் என்று மனதுக்குள் பட்டியல் போட்டேன். தகப்பனுக்கு நித்திரை. இசை ஆசிரியருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். அந்தப் பதினொரு பேருக்கு வகுப்பு. "உறுதி" என்று சொன்ன எனக்கு மானம். தர்ஷிகா இழப்பது ஒன்றே ஒன்றுதான், கணிதத்தால் வரக்கூடிய எதிர்காலம், அதுவும் வருமோ தெரியாத ஒன்று. இழந்ததே அவளுக்குத் தெரியவராது. கணினி சிவப்புக் காட்டாது.

நேரம் இரண்டே கால். வகுப்பிலிருந்து அவளை அழைத்துவரச் சொன்னேன். அவள் வருவதற்குள் முடிவெடுத்துவிடுவேன் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வந்தாள். தகப்பனைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள்.

"நீங்கள் ஏன் இஞ்ச?"

"சும்மா. மிஸ்ஸோட கதைக்க."

"வேலைச் சட்டையோடயா?"

"வேற என்ன, கோட் சூட்டோ போடுறது?"

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி நேரே கேட்டாள். "மிஸ், மாத்ஸ்ல இன்னும் எத்தினை இடம் இருக்கு?"

தகப்பன் என்னைப் பார்த்தார். இருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டது கருத்தல்ல, ஓர் எண். ஓர் எண்ணைக் கேட்டால் பிழையாகச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. என்னுடைய நேர்மை அவ்வளவுதான், அதை நீங்கள் பெரிதாக எடுக்க வேண்டாம்.

"இருக்கு. எட்டு இடம் இருக்கு."

அவர் தலையைக் குனிந்தார். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று புள்ளிகள் சொன்னது சரிதான். "இல்லையெண்டு சொல்லச் சொன்னனீங்களோ, அப்பா?"

அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டார்.

"அப்பா."

"ஓம். சொன்னனான்."

"ஏன்?"

"நீ நல்லாச் செய்வாய். அதாலதான்."

"வட் டஸ் தட் ஈவன் மீன்?" என்று சத்தமாகக் கேட்டாள். பிறகு தமிழுக்கு வந்தாள். "ஃபீஸ் விசயம் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பிலயே தெரியும். நீங்களும் அம்மாவும் குசினிக்குள்ள கதைச்சா எனக்குக் கேக்காதோ? நான் யூனிக்கெண்டு எடுக்கேல்லை. எனக்கு அது விருப்பம். அந்தக் கணக்குகள் வரேக்க நல்லா இருக்கு. அவ்வளவுதான். பிறகு வாறதைப் பிறகு பாப்பம்."

"பிறகு அழுதா?"

"அழுதா அழுறன். அதுக்கு நீங்கள் என்ர மாத்ஸைப் பறிப்பீங்களோ?"

நான் குறுக்கிட்டு ஒரு யோசனை சொன்னேன்: ஒரு கணிதத்தை விட்டுவிட்டு சித்திரத்தையும் சேர்த்து, இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம். என் தொழில்நோய் அது, எல்லாரையும் எங்காவது இருத்திவிடுவது. இருவரும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்றார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

இரண்டு நாற்பதுக்கு அவர் எழும்பினார். இசைப் படிவத்தைக் கேட்டு வாங்கினார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கிழிக்கவோ, அண்ணா?" என்று கேட்டேன். "வேண்டாம், கிடக்கட்டும்" என்றார். மகளிடம், "பஸ்ஸில வாறியோ, என்னோட வாறியோ?" என்று கேட்டார். "எனக்கு இன்னும் ஒரு கிளாஸ் இருக்கு, போங்கோ" என்றாள். அவர் போய்க் கார் தரிப்பிடத்தில் நாற்பது நிமிடங்கள் காத்திருந்ததை யன்னலால் பார்த்தேன்.

மூன்று மணிக்குப் பட்டியலைப் பூட்டினேன். கணிதத்தில் ஒன்று கூடியது, இசையில் பதினொன்று.

இசை ஆசிரியரிடம் போய்ச் சொல்ல எனக்குத் திங்கட்கிழமை வரை தைரியம் வரவில்லை. அதுவும் ஒரு பிழை. மூன்று நாட்கள் அவர் தெரியாமல் பாடத்திட்டம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டுவிட்டுப் பியானோவின் மூடியைச் சாத்தினார். "நீ முதலிலேயே பதினொன்று என்று சொல்லியிருந்தால் நான் ஒரு பிள்ளையைத் தேடிப் போயிருப்பேன். எனக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது. நீ அந்த நேரத்தை எடுத்துவிட்டாய்." அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

உதவி அதிபர் கடைசியில் அந்தப் பதினொரு பேரையும் பன்னிரண்டாம் வகுப்பு இசையோடு ஒரே அறையில் சேர்க்க அனுமதித்தார். இரண்டு வகுப்பை ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். இரண்டு பிள்ளைகள் அது வேண்டாம் என்று விலகினார்கள். அதில் ஒருவன் டிரம்ஸ் வாசிக்கிறவன். வணிகத்துக்குப் போனான். இப்போதும் தாழ்வாரத்தில் பிள்ளைகள் பை வைக்கும் பெட்டகக் கதவுகளில் விரல்களால் தட்டிக்கொண்டு போவான். இசை ஆசிரியர் என்னோடு கோபமில்லை என்றார், ஆனால் ஒரு தவணை முழுவதும் மின்னஞ்சலில் மட்டும் கதைத்தார்.

இதில் பாடம் என்ன என்று கேட்பீர்கள். பிள்ளை சரி, தகப்பன் பிழை என்று எழுதிவிட்டால் சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பயந்தது இல்லாத ஒன்றுக்கல்ல. அவள் கேட்டதும் இல்லாத ஒன்றையல்ல. இசை ஆசிரியரின் பதினொரு பேரும் உண்மை. இரண்டு வருடங்களாக யோசிக்கிறேன், இன்னும் குழம்பித்தான் இருக்கிறேன். ஒன்றை மட்டும் இப்போது செய்வதில்லை: தமிழ்க் கையொப்பத்தைப் பார்த்தவுடன் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைப்பதில்லை. என் வீடு மட்டும்தான் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டைப் பற்றிக் கேட்கத் தொலைபேசி எண் இருக்கிறது.

தர்ஷிகா இப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைகளை எழுதிக்கொண்டிருக்கிறாள். கணித ஆசிரியர்கள் அவளைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால் தகப்பன் பயந்தது நடக்கப்போகிறது. விசா அப்படியே இருக்கிறது. முடிவுகள் டிசம்பரில் வரும். அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன், ரயில் நேர அட்டவணை போடுகிற இடத்தில் இருப்பேன்.

அவளைப்போன்ற நிலையில் உள்ள பிள்ளைகளைச் சில பல்கலைக்கழகங்கள் கட்டணமில்லாமல் எடுக்கின்றன என்று பிறகுதான் அறிந்தேன். மிகச் சிலரை. அவளிடம் கேட்டேன், எழுதுங்கள் என்றாள். மூன்று இடங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒன்று முடியாது என்று சொல்லிவிட்டது. அதை அன்றே அவளிடம் காட்டினேன். வாசித்தாள், "ஓகே மிஸ்" என்றாள், வகுப்புக்குப் போனாள். மற்ற இரண்டும் இன்னும் பதில் தரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து என் மின்னஞ்சல் உங்கள் பெட்டிக்குத் திருப்பிவிடப்படும்.

அந்தப் பதில்கள் வந்தால், எதுவாக இருந்தாலும், முதலில் அவளிடம் காட்டுங்கள். தகப்பனிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். பரீட்சை முடியட்டும் என்று ஒத்திவைக்காதீர்கள். எனக்கு அதன் பிறகு சொன்னால் போதும்.